உறைக்குள் உறங்கும் கத்திகள்

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் நடுத்தட்டில், பழைய பட்டுப்புடவைகளுக்கும் வீட்டுப் பத்திரங்களுக்கும் இடையே ஒரு தேக்குப் பெட்டி இருக்கிறது. அதனுள் 23 கத்திகள் உறங்குகின்றன. காய் நறுக்கும் கத்தியோ, தேங்காய் கீறும் கத்தியோ அவற்றுள் இல்லை. மனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வடித்த கத்திகள் அவை. மடக்குபவை சில, உறையிலிட்டு இடுப்பில் செருகுபவை சில. ஐம்பது ஆண்டுகளாக நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. எங்கள் கைக்கு வந்த பிறகு அவற்றுள் ஒன்றேனும் ஒரு மனிதனின் தோலைத் தொட்டதில்லை. அதற்கு முன் தொட்டிருக்கலாம்; கத்திகள் அதைச் சொல்வதில்லை.

ஆண்டுக்கு இருமுறை, கோடை தொடங்கும் முன்பும் மழை ஓய்ந்த பின்பும், அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசி வைப்பது எங்கள் வழக்கம். இம்முறை அந்த வேலை தள்ளிப்போய் மார்கழிக் குளிரில் வந்து வாய்த்தது. குருகிராமத்தில் வேலை பார்க்கும் எங்கள் பேத்தி அன்று விடுமுறையில் இருந்தாள். விரித்திருந்த பழைய வேட்டியின் மேல் வரிசையாகக் கிடந்த கத்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று கேட்டாள்:

"பாட்டி, இதுலே சின்னதா ஒண்ணு எனக்குத் தரியா? கைப்பையில வச்சுக்கறேன். ராத்திரி வேலை முடிஞ்சு வரும்போது பயமா இருக்கு."

எண்ணெய்த் துணி அப்படியே நின்றுவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் எங்கள் சேகரிப்பைக் கண்டு வியந்தவர் உண்டு. முகம் சுளித்தவர் உண்டு. 'தமிழ்க் குடும்பத்துக்கு இது என்ன ஆசை?' என்று கேட்டவரும் உண்டு. இக்கத்திகள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டனவோ அந்த வேலைக்காகவே ஒன்றைக் கேட்ட முதல் ஆள் எங்கள் பேத்திதான். அவளுக்குச் சொன்ன பதிலையும், சொல்ல முடியாமற்போன பதிலையும் இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். தலைநகரிலும் பிற நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி வேறு வேறு சொற்களில் எழுந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

1972இல் திருமணமான கையோடு நாங்கள் தில்லிக்கு வந்தோம். மேற்குத் தில்லியில் ஒரு குறுகிய சந்தில், மாடியில் இரண்டு அறைகள். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் கூர்மையான பொருள் என்று இருந்தது ஓர் அரிவாள்மணை மட்டுமே. கத்தி என்றால் அது சமையலறைக்கோ தோட்டத்துக்கோ உரியது என்பதே எங்கள் அறிவு. தென்னையேறி இடுப்பில் தொங்கும் பாளைக்கத்தியையும், ஆடி மாதத்தில் அய்யனார் கோயிலில் நட்டுவைக்கும் அரிவாளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றாடம் சட்டைப்பையில் கத்தி வைத்துக்கொண்டு திரியும் மனிதரை இந்தி சினிமாவில்தான் கண்டோம்.

1974இல் அலுவலக நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்காக ராம்பூர் சென்றோம். தில்லிக்குக் கிழக்கே, மொராதாபாதுக்கும் பரேலிக்கும் இடையே உள்ள பழைய நவாபுகளின் ஊர் அது. நவாபு ஃபைசுல்லா கான் 1774இல் தொடங்கிய நூல்தொகுதி வளர்ந்து, இன்று ராம்பூர் ரஸா நூலகமாக நிற்கிறது. அரபியிலும் பாரசீகத்திலும் எழுதப்பட்ட அரிய சுவடிகள் அங்குண்டு. அந்நூலகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த நாங்கள், கடைத்தெருவில் 'கடகடகட' என்று ஓர் ஒலி கேட்டு நின்றோம். கைவினைஞர் ஒருவர் புதிதாகச் செய்த கத்தியை வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதுவே ராம்பூரிக் கத்தி. சுவடிகளும் கத்திகளும் ஒரே ஊரின் இரு கலைகளாக இருந்த விந்தை எங்களை ஈர்த்தது. ஊர் நினைவாக ஒன்று வாங்கினோம். ஆசை அங்கே தொடங்கியது.

அந்தக் கத்தியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு அது தேவைப்படும். மடக்கிய நிலையில் அலகு முழுவதும் பிடிக்குள் அடங்கியிருக்கும். அலகின் அடிப்பாகத்தில், பல்சக்கரத்தில் உள்ளதுபோல வரிசையாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பிடியின் முதுகில் ஒரு வில்தகடு. அலகை விரிக்கும்போது அத்தகடு ஒவ்வொரு பல்லிலும் விழுந்து எழும். அதுவே அந்தக் கடகட ஒலி. கடைசிப் பல்லில் தகடு விழுந்து பிடித்துக்கொண்டால் அலகு அசையாது. தகட்டைத் தூக்கினாலன்றி மடங்காது. பற்களைக் கொண்டு இதனை இந்தியில் 'கராரிதார்' என்பர். ஸ்பெயின் நாட்டு அல்பசேத்தே நகரின் புகழ்பெற்ற நவாஹா என்னும் மடக்குக் கத்தியிலும் இதே பற்களும் இதே ஒலியும் உண்டு. இரண்டு தேசங்களின் கொல்லர்கள் ஒரே ஒலியை விரும்பியிருக்கிறார்கள் என்பதில் பொருள் இருக்கிறது. எதிரில் நிற்பவன் கத்தியைக் காணும் முன்பே கேட்டு அஞ்ச வேண்டும், அஞ்சினால் விலகுவான், விலகினால் குத்த வேண்டியதில்லை. ராம்பூரிக் கத்தியின் பாதி வேலையை ஒலியே செய்துவிடும் என்று அதை எங்களுக்கு விற்ற முதியவர் சொன்னார். அவர் பெருமையாகச் சொன்ன அவ்வாக்கியம் பத்தாண்டுகள் கழித்து எங்களுக்கு வேறு விதமாக விளங்கிற்று.

முதற்கத்தியின் பின் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் செல்வந்தர் அல்லோம். தீபாவளி முன்பணத்தில் மிச்சம் பிடித்தும், விடுமுறைப் பயணச் சலுகையில் சென்ற இடங்களில் பழைய கடைகளைத் துழாவியும் சேர்த்தோம். டேராடூனில் ஒரு குக்ரி வாங்கினோம். கூர்க்கா மக்களின் வளைந்த அக்கத்தியின் உறையில் இரண்டு சிறு துணைக்கத்திகள் செருகியிருக்கும். ஒன்று சில்லறை வேலைக்கு, மற்றொன்று தீக்கல் தட்டவும் அலகைத் தீட்டவும். புணேயின் ஜூனா பஜாரில் ஒரு பிச்சுவா கிடைத்தது. தேளுக்கு 'பிச்சூ' என்று பெயர். தேளின் கொடுக்குப்போல் வளைந்த கத்திக்குப் பிச்சுவா என்று பெயர். நம் தமிழ்ப் பேச்சிலும் அச்சொல் குடியேறிவிட்டதை நேயர்கள் அறிவர். குடகில் பழகிய குடும்பம் ஒன்று, கொடவ ஆண்கள் மணநாளில் இடுப்பின் முன்புறம் செருகும் பீச்சேக்கத்தி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தது. வெள்ளி வேலைப்பாடமைந்த உறையும் சங்கிலியும் கொண்ட அது, போர்க்கருவி நகையாகிவிட்ட கதையைத் தன்னுடலிலேயே வைத்திருக்கிறது.

செங்கோட்டைக்குப் பின்புறம் அந்நாளில் கூடிய ஞாயிற்றுச் சந்தையில் ஒரு குத்துக்கத்தி வாங்கினோம். ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்னும் இரு ஆங்கிலேயர்கள் வகுத்த வடிவம் அது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் லண்டன் வில்கின்சன் வாள் நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கியது. பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்கள் இடுப்பில் அணிந்தனர். எங்களிடம் உள்ளது பின்னாளைய நகல். மெலிந்த, இருபுறமும் கூரான அந்த அலகில் அழகு உண்டு. ஆனால் ரொட்டி வெட்டவோ கயிறு அறுக்கவோ அதைக் கொண்டு இயலாது. ஒரே ஒரு வேலைக்காகப் பிறந்த பொருளைக் கையில் ஏந்தும்போது தோன்றும் கூச்சத்தை முதன்முதலில் எங்களுக்குக் கற்பித்தது அக்கத்தியே.

2009இல் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மாப்பிள்ளை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். கண்ணாடிப் பேழைகளில் நூற்றுக்கணக்கான மடக்குக் கத்திகள். 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் கொண்டுவந்த மாற்றம் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். அலகில் வட்டமாக ஒரு துளை. கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரே கையால் கத்தி விரிந்துவிடும். பிடியில் ஒரு கவ்வி. சட்டைப்பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம். மற்றொரு கை எதற்கு வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். "தாக்குபவனைத் தள்ளுவதற்கோ, குழந்தையைப் பிடித்துக்கொள்வதற்கோ" என்றார் அவர். அப்பதில் எங்களை வெகுநேரம் மௌனமாக்கியது. வாங்காமல் திரும்பினோம்.

கத்தி சேர்ப்பவர் காலப்போக்கில் அலகைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிடியைப் பார்க்கப் பழகுவார். கூர்மை சாணைக்கல்லில் கிடைத்துவிடும். செய்தவனின் அறிவு பிடியில்தான் தெரியும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு தடை வைத்திருப்பார்கள். எதிரியின் ஆயுதத்தைத் தடுப்பதற்கு என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தோம். அதன் முதல் வேலை வேறு. அஞ்சியவனின் கை வியர்க்கும். வியர்த்த கை வழுக்கும். வேகமாகக் குத்தினால் விரல்கள் தன் கத்தியின் கூரிலேயே வந்து விழும். அதைத் தடுக்கவே அந்தக் குறுக்குத் தடை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்கு விளங்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே குறுக்குப் பிடி. முட்டியை மடக்கிப் பிடித்தால் கை வழுக்கவே வழியில்லை. ஒவ்வொரு தற்காப்புக் கத்தியும் அச்சம் கொண்ட ஒரு கையை எண்ணியே செய்யப்பட்டிருக்கிறது. வீரனுக்கென்று செய்யப்பட்ட கத்தியை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

அரசுகளுக்கும் இக்கத்திகளைப் பற்றிய அச்சம் உண்டு. விசையைத் தட்டினால் தானே விரியும் கத்திகளுக்கு எதிராக அமெரிக்கா 1958இலும் பிரிட்டன் 1959இலும் சட்டங்கள் இயற்றின. நம் நாட்டில், ஆங்கிலேயர் 1878இல் மக்களின் கையிலிருந்து ஆயுதங்களைப் பறிக்கக் கொண்டுவந்த சட்டத்தை நீக்கி, 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் வந்த விதிகள், வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவை அல்லாத கத்திகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடையவற்றை ஆயுதம் என்று வகுத்தன. தில்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் தனியே ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பல்சக்கரத்தாலோ பொத்தானாலோ வேறு பொறியாலோ விரிகிற, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உடைய கத்திகளைச் செய்வதும் விற்பதும் அதனால் கட்டுப்படுத்தப்பட்டன. அன்றைக்குப் பிறகு நாங்கள் அத்தகைய கத்தி எதையும் வாங்கியதில்லை. முன்பு வாங்கியது வீட்டு வாயிலைத் தாண்டியதுமில்லை. ராம்பூரிலும் அத்தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 2023இல் அவ்வூரில் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளமுள்ள ராம்பூரிக் கத்தியைச் சின்னமாக நிறுவியிருக்கிறார்கள். சட்டைப்பையில் வாழ்ந்த பொருள், வாழ்வு ஒடுங்கிய பின் சிலையாகி நிற்கிறது.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிறு விலக்கு எங்கள் நினைவில் நிற்கிறது. வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே உரிய கருவிகள் ஆயுதமாகா என்று சொல்லும் அது, அதற்கு எடுத்துக்காட்டாக லத்தியையும் சாதாரண கைத்தடியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அக்கைத்தடிக்கு இறுதியில் திரும்பி வருவோம்.

எங்கள் சந்தில் கீழ்வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம் குடியிருந்தது. மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த பெரியவர், மனைவி, மகன், மருமகள், இரண்டு சிறு பேரக்குழந்தைகள். நாங்கள் அவரைச் சர்தார்ஜி என்போம். அவர் எங்களை 'பாயி சாகப்' என்றும் 'பெஹன்ஜி' என்றும் அழைப்பார். எங்கள் கத்திகளை மதிக்கத் தெரிந்த ஒரே அண்டைவீட்டார் அவர். கடுகெண்ணெயைவிடத் தையல் இயந்திர எண்ணெயே அலகுக்கு ஏற்றது என்று கற்பித்தவரும் அவரே.

அவர் தோளில் சாய்வாக ஒரு கிர்பான் எப்போதும் தொங்கும். சீக்கியர் கிர்பான் அணிவதும் ஏந்துவதும் அவர்தம் சமய ஒழுக்கத்தின் பகுதி என்று நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவின் விளக்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் பெட்டிக்கு ஒரு கிர்பான் வாங்கலாமா என்று ஒருநாள் அவரைக் கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "இதைச் சேர்த்துவைக்க முடியாது, பாயி சாகப். இது கருணை என்ற சொல்லிலிருந்து வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். தன்னைக் காக்க எல்லாரும் கத்தி எடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவனைக் காக்க எடுப்பதற்கென்று இது எங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது" என்றார். நல்ல பேச்சு என்று கேட்டுக்கொண்டோம். அவ்வளவே.

1984 அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டார். மறுநாள் முதல் தலைநகரில் நிகழ்ந்தவை வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டன. அரசின் கணக்குப்படியே தில்லியில் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர். எங்கள் சந்து வரைக்கும் அந்த நெருப்பு வந்ததையும், வந்து திரும்பிப்போனதையும் மட்டுமே இங்குச் சொல்கிறோம்.

நவம்பர் 1ஆம் நாள் பிற்பகலில் மேற்கு வானம் கரும்புகையாக இருந்தது. சர்தார்ஜியின் கடை எரிவதாகச் சைக்கிளில் வந்த பையன் ஒருவன் சொன்னான். கீழ்வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றினோம். வாசலுக்குப் பூட்டுப் போட்டோம். ஆறு பேரையும் மாடிக்கு அழைத்து வந்து எங்கள் சமையலறையிலும் அதையொட்டிய பூசை அலமாரிப் பக்கத்திலும் உட்காரவைத்தோம். சந்தின் முனையில் வங்காளி ஆசிரியர் ஒருவரும், பஞ்சாபி இந்துக் குடும்பத்து இளைஞர்கள் நால்வரும் கயிற்றுக் கட்டில்களைக் குறுக்கே போட்டுக் காவல் நின்றார்கள். அவர்களை யாரும் ஏவவில்லை.

இரவு எட்டு மணி அளவில் கூட்டம் வந்தது. முனையில் நெடுநேரம் வாக்குவாதம் கேட்டது. பிறகு படிகளில் காலடி ஓசை. ஐந்தாறு பேர் இருக்கலாம். எங்கள் கதவு தட்டப்பட்டது.

எங்களுள் ஒருவர் கதவை ஒரு முழம் திறந்து வாயிலை அடைத்து நின்றார். மற்றவர் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் கையில் ராம்பூரிக் கத்தி இருந்தது. யார் எங்கே நின்றது என்பதை எழுதுவதில்லை என்று எங்களுக்குள் உடன்பாடு. அச்சம் இருவருக்கும் பொதுவாகவே இருந்தது.

"கீழே இருக்கும் சர்தார் எங்கே?" என்று ஒருவன் கேட்டான். வாயிலில் நின்றவர் தமக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், ஆண்பாலையும் பெண்பாலையும் குழப்பி, முந்தைய நாளே அவர்கள் பஞ்சாபுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். சமையலறையில் இரண்டு குழந்தைகள். சிறியவனுக்கு வயது நான்கு. அவன் எந்த நொடியில் விழித்து அழுவான் என்பது யாருக்கும் தெரியாது.

கதவுக்குப் பின்னால் நின்றவர் கத்தியை விரிக்க முயன்றார். கட்டைவிரல் அழுத்தியதும் முதற்பல் விழுந்தது: 'கடக்.' அந்த அமைதியில் அது வெடிச்சத்தம்போல் கேட்டது. இன்னும் எத்தனையோ பற்கள் இருந்தன. மெதுவாக விரித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒலிக்கும். வேகமாக விரித்தால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். பத்தாண்டுகளாகத் துடைத்தும் எண்ணெய் பூசியும் காத்துவந்த அந்தக் கத்தியை ஓசையின்றி விரிக்க வழியே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கேட்பவன் அஞ்ச வேண்டும் என்று செய்யப்பட்ட பொருளால், யாருக்கும் கேட்கக்கூடாத வேளையில் என்ன பயன்? விரல் அங்கேயே நின்றது. உள்ளங்கை வியர்த்து வழிந்தது.

"என்ன சத்தம் அது?" என்றான் படியில் நின்றவன்.

"தாழ்ப்பாள். பழையது. கழன்றுபோயிருக்கிறது" என்றார் வாயிலில் நின்றவர். குரலில் சலிப்புக்கூட இருந்ததாம். அச்சலிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றும் அவருக்குத் தெரியாது.

கீழேயிருந்து வங்காளி ஆசிரியர் உரக்கக் கூவினார்: "மேலே மதராசிகள் மட்டுமே! வீணாக ஏன் நேரத்தைப் போக்குகிறீர்கள்?" வேறு எந்த நாளிலும் அச்சொல் எங்களைச் சற்றுக் குத்தியிருக்கும். அன்று அது எங்கள் கதவின் மேல் ஒரு பூட்டாக விழுந்தது. காலடிகள் இறங்கிப் போயின.

கதவைச் சாத்தித் திரும்பியபோது சர்தார்ஜி சமையலறை நிலையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கை கிர்பானின் பிடிமேல் இருந்தது. அவர் நின்ற இடத்தை நாங்கள் பிற்பாடுதான் எண்ணிப் பார்த்தோம். தம் குடும்பம் இருந்த மூலைக்கும் எங்கள் முதுகுக்கும் நடுவே அவர் நின்றிருந்தார். கதவு உடைந்திருந்தால் அவர் முதலில் வந்து சேர்ந்திருக்கக்கூடிய இடம் எங்கள் பக்கமே.

மூன்று இரவுகள் அவர்கள் எங்களோடு இருந்தார்கள். இராணுவம் தெருக்களில் நிலைகொண்ட பிறகு கீழே இறங்கிப் போனார்கள். போகுமுன் சர்தார்ஜி அந்த ராம்பூரிக் கத்தியை வாங்கி விரித்துப் பார்த்தார். கடகடவென்று ஒலித்து விரிந்தது. அந்த மூன்று நாட்களில் அவர் முகத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் தோன்றியது. "பாயி சாகப், ஊரைக் கூட்டாமல் திறக்கத் தெரியாத கத்தி இது. இதைவிட அந்தத் தாழ்ப்பாள் நல்லது" என்றார். கடை சாம்பலாகிப் போயிருந்தது. 1986இல் அக்குடும்பம் லூதியானாவுக்குக் குடிபெயர்ந்தது. 2003இல் அவர் மறையும் வரை ஆண்டுதோறும் தீபாவளிக்குக் கடிதம் வரும். ஒவ்வொரு கடிதத்தின் இறுதியிலும் தாழ்ப்பாளைப் பழுது பார்த்தாகிவிட்டதா என்று ஒரு வரி இருக்கும்.

அன்றிரவைப் பற்றி நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குக்கூட முழுமையாகச் சொன்னதில்லை. அப்போது அவர்கள் கோடைக்கானல் பக்கம் தாத்தா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லக்கூடாத இரகசியம் ஏதும் இதில் இல்லை. காப்பாற்றியவர்கள் என்ற பெயர் எங்களுக்கு ஒட்டாது என்று தோன்றியதே காரணம். எங்களைப்போல் கதவைத் திறந்த வீடுகள் இருந்தன. திறக்காத வீடுகள் மிகப் பல இருந்தன. சிறு பிசகு நேர்ந்திருந்தால் எங்கள் கதையும் வேறாக முடிந்திருக்கும்.

மார்கழியில் எங்கள் பேத்திக்கு இதையெல்லாம் முதன்முறையாகச் சொன்னோம். சொல்லி முடித்து, பெரியவர்களுக்கே உரிய தன்னம்பிக்கையோடு இறுதி வாக்கியத்தையும் சொன்னோம்: தற்காப்புக் கத்தி, மனிதன் தனியாக இருக்கிறான் என்ற எண்ணத்தில் செய்யப்படுவது, எங்களைக் காத்ததோ சந்து முனையில் நின்றவர்கள், படிக்குக் கீழிருந்து கூவியவர், வாயிலை அடைத்து நின்றவர், ஆகவே கத்தி வேண்டாம். மேலும் நடைமுறையில், மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிப்பார்கள். பழகாத கையிலுள்ள கத்தியை எதிரி பிடுங்கிவிடுவான். சட்டமும் இடம் கொடாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்க சொல்றது எல்லாம் சரி தாத்தா. ஆனா அன்னிக்கு நீங்க ரெண்டு பேர் இருந்தீங்க. சந்துல அஞ்சு பேர் இருந்தாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மெட்ரோ ஸ்டேஷன்லேர்ந்து வீடு வரைக்கும் நான் ஒருத்திதான். எனக்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை."

எங்களிடம் பதில் இல்லை. 2012 டிசம்பருக்குப் பின் இந்நகரின் பெண்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரசும் காவல்துறையும் சமுதாயமும் சொல்லவேண்டிய பதிலை ஒரு தேக்குப் பெட்டி எப்படிச் சொல்லும்? அச்சம் கொண்ட கைகளுக்காகவே அந்த 23 கத்திகளும் செய்யப்பட்டன என்று இத்தனை ஆண்டுகள் வருவோர்க்கெல்லாம் விளக்கியிருக்கிறோம். அத்தகைய கை ஒன்று எங்கள் வீட்டிலேயே எங்கள் முன் நீண்டபோது, அதை அடையாளம் காணச் சற்று நேரமாயிற்று.

கத்தியை அவளுக்குத் தரவில்லை. அன்று பெட்டியை மூடிவைத்துவிட்டு, எங்கள் சந்தில் இரவு நேரத்தில் வேலையிலிருந்து திரும்பும் பெண்கள் எத்தனை பேர் என்று விசாரித்தோம். எங்கள் பேத்தியையும் சேர்த்து நால்வர். ஒருத்தி அந்த வங்காளி ஆசிரியரின் பேத்தி. நால்வரும் ஒரே நேரத்துக்கு வருவதில்லை. ஆயினும் கைப்பேசியில் பேசிக்கொண்டு, நிலையத்தில் சற்றுக் காத்திருந்தால் இருவர் இருவராக வரலாம் என்று முடிவாயிற்று. அதுவும் இயலாத இரவுகளில் நாங்கள் போகிறோம். எங்களுக்கு முறையே 77 வயதும் 74 வயதும் ஆகின்றன. எங்களால் யாரையும் எதிர்த்து நிற்க முடியாது என்பதை நாங்களும் அறிவோம். எங்கள் பேத்தியும் அறிவாள்.

பத்தரை மணிக்குக் கம்பளிக் குல்லாயும் சால்வையுமாக இறங்கி நடக்கிறோம். சந்து முனையில் இஸ்திரி வண்டிக்காரர் முதலில் வியப்போடு பார்த்தார். இப்போது அவரும் கடையை மூடாமல் விளக்கை எரியவிட்டு இருக்கிறார். எங்களுள் ஒருவர் கையில் கைத்தடி இருக்கிறது. சட்டம் அதை ஆயுதமாகக் கருதுவதில்லை. மற்றவர் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். நிலையத்தின் வாயிலில் படிக்கட்டைப் பார்த்தபடி நிற்கிறோம். வண்டி வந்து நின்றதும் படிகளில் கூட்டம் இறங்குகிறது. அக்கூட்டத்தில் எங்கள் முகங்களைத் தேடிக்கொண்டு அவள் இறங்கி வருகிறாள்.